எண்களின் உறுப்பிலக்கணம்

சொல்லைப் பிரித்துப் பொருள் காண்பது தமிழாசிரியன் தொழில். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அத்தொழிலே எனக்குச் சோறும் சுவையுமாக இருந்தது. 'வந்தனன்' என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதுவேன். பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி என்னும் ஆறு உறுப்புகளும் அச்சிறு சொல்லுக்குள் அடங்கிக் கிடப்பதைக் காட்டுவேன். 'செய்தான்' என்னும் சொல்லுக்கோ செய், த், ஆன் என மூன்றே உறுப்புகள். 'மண்', 'நீர்' போன்ற சொற்களை எவ்வளவு முயன்றாலும் பிரித்தல் இயலாது. பிரியும் சொல்லைப் பகுபதம் என்றும், பிரியாத சொல்லைப் பகாப்பதம் என்றும் நன்னூல் கூறும்.

கணித நூலைத் திறந்தால் அங்கும் இப்பெயர்களின் உடன்பிறப்புகளைக் காணலாம். 2, 3, 5, 7, 11, 13 என்பன பகா எண்கள். ஒன்றாலும் தம்மாலும் அன்றி வேறு எதனாலும் அவை மீதியின்றி வகுபடா. 12 பகு எண். அதனை 2 × 2 × 3 எனப் பிரிக்கலாம். இவ்வாறு பிரித்து வரும் பகா எண்களைப் பகாக் காரணிகள் என்பர் கணித நூலார். இலக்கணப் பழக்கத்தால் நான் அவற்றை 'உறுப்புகள்' என்றே சொல்லி வந்தேன். 12-க்கு உறுப்பு மூன்று. 15-க்கு 3, 5 என உறுப்பு இரண்டு. 13-க்கு உறுப்பு ஒன்றே, அது தானே. ஒன்று என்னும் எண் பகுவும் அன்று, பகாவும் அன்று. அது தனித்து நிற்பது.

சொல்லுக்கும் எண்ணுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. 'பலகை' என்னும் சொல்லைப் பிரியாமல் வைத்தால் மரப் பலகை. பிரித்தால் பல கை. புலவர்கள் இவ்விரட்டைப் பிரிப்பைக் கொண்டு சிலேடை பாடினர். எண்ணில் சிலேடைக்கு இடமே இல்லை. எவர் பிரித்தாலும், எத்திசையிலிருந்து தொடங்கினாலும், 60 என்னும் எண் 2, 2, 3, 5 என்னும் நான்கு உறுப்புகளாகவே பிரியும். 60-ஐ 6 × 10 எனத் தொடங்கினும், 4 × 15 எனத் தொடங்கினும் முடிவு ஒன்றே. இவ்வுண்மையை 1801-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் காஸ் தெளிவாக எடுத்துரைத்து நிறுவினார். ஆதலின், 'இந்த எண்ணுக்கு எத்தனை உறுப்பு?' என்று கேட்டால் அதற்கு ஒரே விடைதான் உண்டு.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், ஒருநாள் கணித ஆசிரியர் விடுப்பில் சென்றிருந்தார். ஒன்பதாம் வகுப்பில் அவருடைய பாடவேளையைப் பார்த்துக்கொள்ளுமாறு தலைமையாசிரியர் என்னைப் பணித்தார். செய்யுள் நடத்தலாம் என்று புறப்பட்ட நான், வகுப்பில் கரும்பலகை முழுதும் எண்கள் நிறைந்திருப்பதைக் கண்டேன். 'இன்று எண்களுக்கு உறுப்பிலக்கணம் எழுதுவோம்' என்றேன். 2 முதல் 100 வரையுள்ள எண்களை மாணவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, ஒவ்வொன்றையும் பிரித்து, உறுப்புத் தொகையை எண்ணுக்கு நேரே எழுதச் சொன்னேன்.

எண்கள் வரிசையில் நின்றாலும் அவற்றின் உறுப்புத் தொகை வரிசைக்குக் கட்டுப்படுவதில்லை. 30 = 2 × 3 × 5; ஆகவே தொகை மூன்று. 31 பகா எண், தொகை ஒன்று. 32 = 2 × 2 × 2 × 2 × 2; தொகை ஐந்து. ஏழையும் செல்வரும் ஒரே தெருவில் அடுத்தடுத்து வாழ்வது போன்ற காட்சி அது. அடுத்து 33 = 3 × 11; 34 = 2 × 17; 35 = 5 × 7. மூன்றுக்கும் தொகை இரண்டே. 36 = 2 × 2 × 3 × 3; அதன் தொகை நான்கு.

கடைசி வரிசையில் மாணவி ஒருத்தி அமர்ந்திருந்தாள். 'கணக்கு இவளுக்கு வராது' என்று வீட்டிலும் வெளியிலும் பலர் முடிவு கட்டியிருந்தனர். பிறர் கட்டிய முடிவை அவளும் ஏற்றுக்கொண்டிருந்தாள். கணித வகுப்பில் அவள் வாய் திறந்து எவரும் கேட்டதில்லை என்று பின்னர் அறிந்தேன். அன்று அவள் எழுந்து, 'ஐயா, 33, 34, 35 மூன்றுக்கும் இரண்டிரண்டு உறுப்புகள். இப்படி நான்கு எண்கள் சேர்ந்து வருமா?' என்று கேட்டாள்.

வகுப்பு முழுவதும் தேடத் தொடங்கிற்று. 85 = 5 × 17; 86 = 2 × 43; 87 = 3 × 29; இங்கே ஒரு மும்மை கிடைத்தது. 93 = 3 × 31; 94 = 2 × 47; 95 = 5 × 19; மற்றொரு மும்மையும் கிடைத்தது. நான்கு சேர்ந்து எங்கும் அகப்படவில்லை. 'நூறுக்குள் இல்லை, ஐயா; ஆயிரத்தில் இருக்கலாம்' என்றான் ஒரு மாணவன். அவன் சொல்லிலும் நியாயம் இருந்தது. நூறு வரை கண்டது நூறு வரைக்குத்தான் சான்று.

அம்மாணவி மட்டும் நின்றுகொண்டே இருந்தாள். சிறிது நேரங்கழித்து, 'வராது, ஐயா. எந்த நான்கு எண்களை அடுத்தடுத்து எடுத்தாலும் அவற்றில் ஒன்று நான்காம் வாய்பாட்டில் வந்துவிடும். நான்கிலேயே இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. அதற்கு மேல் எதைப் பெருக்கினாலும் மூன்றாகிவிடும்' என்றாள்.

'நான்கு என்னும் எண்ணே அவ்வரிசையில் இருந்தால்?' என்று கேட்டேன்.

'அதற்கு இரு பக்கமும் 3, 5. அவை பகா எண்கள் அல்லவா, ஐயா?' என்றாள்.

மாணவர்களே, இவ்விரு விடைகளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தேடிப் பார்த்து இல்லை என்பது ஒன்று. இருத்தல் இயலாது என்று காரணம் காட்டுவது மற்றொன்று. முன்னது எத்தனை ஆண்டு தேடினும் முடியாது. பின்னது நான்கு வாக்கியங்களில் முடிந்துவிட்டது. இலட்சத்திற்கு அப்பாலும் கோடிக்கு அப்பாலும் எவரும் எண்ணிப் பாராத எண்களுக்கும் அவள் காட்டிய காரணம் செல்லும். கணிதத்தில் இதனையே நிறுவல் என்பர். மதிப்பெண் பட்டியலில் கடைசியில் நின்ற ஒரு பெண், அன்று எண்ணுலகம் முழுமைக்கும் பொருந்தும் ஓர் உண்மையை நிறுவிக் காட்டினாள்.

அதன்பின் அவள் இன்னொரு வினாவும் எழுப்பினாள். 'மூன்று மூன்றாக வருகின்றனவே, அவை எங்கேயாவது முடிந்துவிடுமா? அல்லது முடிவே இல்லாமல் வந்துகொண்டே இருக்குமா?' இதற்கு விடை என்னிடம் இல்லை. கணித ஆசிரியரிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறினேன். மறுநாள் அவரிடம் கேட்டேன். அவர் புன்னகை செய்து, 'இதற்கு விடை உலகில் எவருக்கும் தெரியாது' என்றார். அவ்விடையை அப்படியே அவளிடம் சொன்னேன். ஏமாற்றம் அடைவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ முகம் மலர்ந்து, 'அப்படியானால் நான் கேட்டது நல்ல கேள்விதானா, ஐயா?' என்றாள். முந்திய இரவில் 220 வரை பிரித்து எழுதிய ஏட்டையும் என்னிடம் நீட்டினாள். அதில் 213, 214, 215 என ஒரு மும்மை. 217, 218, 219 என மற்றொரு மும்மை. இரண்டிற்கும் நடுவே ஆறு உறுப்புகளோடு 216 நின்றது. அவள் அதனைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தாள்.

அவளுடைய வினாவே பின்னாளில் எனக்குத் துணையாயிற்று. ஓய்வுக்குப் பின் மாலை வேளைகளில் இத்தகைய எண்களைப் பற்றிப் படித்தும், தாளில் பிரித்துப் பார்த்தும் வந்தேன். அவற்றுள் சிலவற்றை உங்களுக்குச் சொல்லுகிறேன்.

மூன்று உறுப்புகள் உடைய எண்கள் எத்தனை சேர்ந்து நிற்கக்கூடும்? அம்மாணவி காட்டிய வழியிலேயே இதற்கும் எல்லை காணலாம். அடுத்தடுத்த எட்டு எண்களில் ஒன்று எட்டின் மடங்காக இருந்தே தீரும். 8 = 2 × 2 × 2 ஆதலின், எட்டைத் தவிர அதன் மடங்குகளுக்கெல்லாம் மூன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் இருக்கும். எட்டோ, 7-க்கும் 9-க்கும் நடுவே துணையின்றி நிற்கிறது. ஆகவே ஏழே எல்லை. 601, 607 என்னும் இரண்டு பகா எண்களுக்கு இடையே 602, 603, 604, 605, 606 என்னும் ஐந்தும் மும்மூன்று உறுப்புகளோடு நிற்கின்றன: 2 × 7 × 43, 3 × 3 × 67, 2 × 2 × 151, 5 × 11 × 11, 2 × 3 × 101. இருபுறமும் வாயிற்காவலர் நிற்க, நடுவே ஐவர் ஓரணியில் நிற்பது போன்றது இவ்வரிசை. 2522 முதல் 2527 வரை இவ்வாறு ஆறு எண்கள் நிற்கின்றன. எல்லையாகிய ஏழும் எய்தப்படுகிறது. 211673 முதல் 211679 வரையுள்ள ஏழு எண்களுக்கும் மும்மூன்று உறுப்புகளே.

உறுப்புகளை வேறொரு முறையிலும் எண்ணலாம். திரும்பத் திரும்ப வரும் பகா எண்ணை ஒருமுறை மட்டும் கணக்கிடுவது அம்முறை. அவ்வாறு எண்ணினால், வெவ்வேறான இரண்டு பகா எண்களைக் கொண்ட அயலார் முதன்முதல் 14, 15 என்னும் இணையாக வருகின்றனர். வெவ்வேறான மூன்றைக் கொண்ட எண்கள் மூன்று சேர்ந்து முதன்முதல் வருவது 644, 645, 646 என்னுமிடத்தில். வெவ்வேறான நான்கைக் கொண்ட எண்கள் நான்கு சேர்ந்து வரவேண்டுமானால் 134043 வரை நடக்க வேண்டும். அது 3 × 7 × 13 × 491. அடுத்தது 2 × 2 × 23 × 31 × 47. அதனை அடுத்தது 5 × 17 × 19 × 83. நான்காவது 2 × 3 × 3 × 11 × 677.

இந்நான்கு வரிகளையும் உற்று நோக்குங்கள். ஓர் எண்ணின் உறுப்பு எதுவும் அதன் அடுத்த எண்ணில் இல்லை. இது தற்செயல் அன்று. அடுத்தடுத்த இரண்டு எண்களை ஒரே பகா எண் வகுக்குமானால், அவற்றின் வேறுபாடாகிய ஒன்றையும் அது வகுக்க வேண்டும். ஒன்றை வகுக்கும் பகா எண் இல்லை. ஆகவே எண்ணுலகில் அடுத்த வீட்டாருக்குள் பொதுவான உறுப்பு ஒன்றேனும் இருத்தல் இயலாது. 'செய்தான்', 'உண்டான்' என்னும் சொற்கள் மும்மூன்று உறுப்பு உடையனவாயினும் 'ஆன்' விகுதி இரண்டிற்கும் பொது. எண்களின் ஒற்றுமை அத்தகையது அன்று. உடைமையில் ஒன்றுகூடப் பொதுவின்றி, உடைமையின் அளவில் மட்டும் ஒத்து நிற்பது அது. இதனாலன்றோ இவ்வொற்றுமையை நிறுவுதல் அரிதாகிறது!

எண்களின் உறுப்புத் தொகையை ஆழ ஆராய்ந்தவர்களுள் முன்னணியில் நிற்பவர் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன். அவர் கேம்பிரிட்ஜில் இருந்த காலத்தில், 1917-ஆம் ஆண்டில், பேராசிரியர் ஹார்டியும் அவரும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். பொதுவாக ஓர் எண்ணுக்கு வெவ்வேறான பகாக் காரணிகள் எத்தனை இருக்கும் என்பதே அதன் பொருள். எண் எவ்வளவு விரைந்து பெருத்தாலும் உறுப்புத் தொகை மிக மிக மெல்லவே உயர்கிறது என்று அவர்கள் நிறுவினர். பத்து இலக்கம் உடைய எண்களில் பெரும்பாலானவற்றுக்கு மூன்று, நான்கு என்னும் அளவிலேயே உறுப்புகள் இருக்கும். நூறு இலக்கம் கொண்ட பேரெண்ணுக்கும் ஐந்து, ஆறு என்னும் அளவே வழக்கம். இராமானுஜன் பெயரோடு இணைந்து புகழ் பெற்ற 1729-ஐப் பிரித்தால் 7 × 13 × 19; அதன் அயலாகிய 1730-ஐப் பிரித்தால் 2 × 5 × 173. இரண்டிற்கும் மும்மூன்று உறுப்புகள் இருத்தலைக் காணலாம்.

எண்களோ எண்ணிறந்தன, உறுப்புத் தொகைகளோ மிகச் சில. ஆகவே அடுத்தடுத்த எண்களின் தொகை அடிக்கடி ஒத்துப் போதல் வேண்டும் என்று மனம் சொல்லுகிறது. ஆயின் மனம் சொல்லுவது நிறுவல் ஆகாது. ஹங்கேரி நாட்டில் 1913-ஆம் ஆண்டில் பிறந்த பால் எர்டோஷ், நிலையான வீடொன்றும் இன்றி, ஊர் ஊராகச் சென்று கணிதம் செய்து வாழ்ந்தவர். அவரும் மிர்ஸ்கி என்பவரும் 1952-ஆம் ஆண்டில் ஒரு வினாவை முன்வைத்தனர். ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் எல்லாவற்றையும் எண்ணுவோம். 14-க்கு 1, 2, 7, 14 என நான்கு. 15-க்கு 1, 3, 5, 15 என நான்கு. இவ்வாறு வகுத்திகளின் தொகை ஒத்த அயலார் முடிவின்றி வருவரா என்பதே அவ்வினா.

முப்பது ஆண்டுக் காலம் அது விடையின்றிக் கிடந்தது. 1981-ஆம் ஆண்டில் கிளாடியா ஸ்பைரோ என்னும் அம்மையார், அடுத்த வீட்டாரை விட்டுவிட்டு, 5040 வீடுகள் தள்ளி நிற்கும் இரண்டு எண்களை எடுத்துக்கொண்டார். 1 முதல் 7 வரை உள்ள எண்களைப் பெருக்கினால் வருவது 5040. அவ்வளவு தொலைவில் வகுத்தித் தொகை ஒத்து நிற்கும் இணைகள் முடிவின்றி உள என்று அவர் நிறுவினார். தொலைவில் உள்ளாரைப் பிடித்த அவ்வழியைச் செப்பம் செய்துகொண்டு, 1984-ஆம் ஆண்டில் ஹீத்-பிரௌன் என்னும் ஆங்கில அறிஞர் அடுத்த வீட்டாரையே எட்டினார். வகுத்தித் தொகை ஒத்த அயலாரும், உறுப்புத் தொகை ஒத்த அயலாரும் முடிவின்றி வருகின்றனர் என்பது உறுதியாயிற்று. 2011-ஆம் ஆண்டில் கோல்ட்ஸ்டன், கிரகாம், பின்ட்ஸ், யில்திரிம் என்னும் நால்வர், வெவ்வேறான நான்கே பகா எண்களை உடைய அயலார் இணைகளும் முடிவின்றி உள என்று காட்டினர்.

நான்கு உறுப்பு உடையாரைப் பற்றி அறிந்துவிட்டோம். ஆனால் இரண்டே உறுப்பு உடையாரைப் பற்றி இன்னும் அறியோம். 33, 34, 35 போன்ற மும்மைகள் முடிவின்றி வருமா என்பது இன்றளவும் நிறுவப்படவில்லை. மும்மை இருக்கட்டும், 14, 15 போன்ற இணைகள் முடிவின்றி வரும் என்பதற்கும் நிறுவல் கிட்டவில்லை. முடிவின்றி வரும் என்றே கணித அறிஞர் நம்புகின்றனர். நம்புவதை உண்மையென்று அவர்கள் எழுதிவைப்பதில்லை. 'அறிந்தோம்' என்பதற்கும் 'நம்புகிறோம்' என்பதற்கும் நடுவே அவர்கள் இட்டிருக்கும் கோடு மிகத் தெளிவானது. அக்கோட்டைப் பேணுதல் எல்லாக் கல்விக்கும் உயிர்நாடி. சுவடியில் ஒரு சொல் சிதைந்திருந்தால் அதனை நம் விருப்பம் போல் நிரப்பி மூலம் என்று கூறுதல் தமிழ்ப் பதிப்பாசிரியனுக்கும் தகாது அன்றோ?

மாணவர்களே! வினா எழுப்புவதற்கு மதிப்பெண் தகுதி எதுவும் வேண்டுவதில்லை. உலகப் பேரறிஞர்கள் விடை காணாத வினாவை, வாய்பாடு மட்டும் அறிந்த ஒரு சிறுமி ஒரு பாடவேளையில் கேட்டுவிட்டாள். 'உனக்கு வராது' என்று பிறர் சொல்லும் சொல், அவர்கள் உம்மை அளந்த கோலின் நீளத்தைக் காட்டுமேயன்றி உமது நீளத்தைக் காட்டாது. ஆதலின் கேளுங்கள், கேட்டபின் காரணம் தேடுங்கள், காரணம் கிட்டாதவிடத்து, 'தெரியாது' என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.

இப்பாடத்தைப் படித்து முடித்தவுடன் ஒரு தாளை எடுத்து, 170 முதல் 175 வரையுள்ள ஆறு எண்களையும் பிரித்து எழுதுங்கள். ஐந்து எண்களின் உறுப்புத் தொகை ஒத்திருக்கும். ஒன்று மட்டும் ஒதுங்கி நிற்கும். அவ்வொன்று எது, ஏன் ஒதுங்கிற்று என்பதை நீங்களே கண்டுகொள்ளுங்கள்.